அப்பா மறுத்துவிட்டார்

பட்டறையின் ஷட்டரை அம்மா பாதிதான் தூக்கியிருந்தாள். அதற்குள் கத்திரி குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அந்த இடத்தில் அப்பா செய்துகொடுத்த கால் இருந்தது. இப்போது அதன் மேல்பகுதியில், மீதிக் காலை ஏந்திக்கொள்ளும் சாக்கெட்டில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"ஒட்டினது விட்டுடுச்சா?" என்றாள் அம்மா.

"விட்டுடுச்சும்மா. ஸ்டூல்ல உக்காந்துதான் முடி வெட்டறேன். உக்காந்தா உச்சந்தலை எட்ட மாட்டேங்குது. நேத்து ஒருத்தன் கேக்கறான், 'அண்ணே, மேல இருக்கறதை அடுத்த மாசம் வெட்டுவீங்களா'ன்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலைக் கழற்றி வாங்கி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி நார் வைத்து மறுபடி ஒட்டலாம். ஆனால் ரொம்ப நாள் தாங்காது.

புதிதாகச் செய்வது அவளுக்குத் தெரியாத வேலை இல்லை. மெஷினை ஓட்டுவது, வார்ப்பது, தேய்ப்பது, வார் தைப்பது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து அவள் கைதான். ஆனால் அளவு அப்பாவுடையது. கத்திரியின் காலை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் இங்கே கொஞ்சம் தளர்த்தி, அங்கே கொஞ்சம் இறுக்கி, வலி நிற்கும்வரை மாற்றி மாற்றிப் பார்த்து அவர் முடித்த வடிவம் அது.

அந்தக் கோப்பு இணையத்தில் பத்திரமாக இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு, அப்பாவின் போனில் இருந்த 'சாவிப்பெட்டி' என்ற ஆப்புக்குள் இருக்கிறது. சாவிப்பெட்டியின் பாஸ்வேர்டு மட்டும் அப்பாவின் தலைக்குள் இருந்தது.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. மாரடைப்பு. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அது நேரம் கொடுக்கவில்லை.

"கவலைப்படாதீங்க. இன்னிக்குத் திறந்துடும்," என்றாள் அம்மா.

"என்னது திறந்துடும்?"

வாசலில் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை, தோளில் டூல் பை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இன்று சீக்கிரமே வந்துவிட்டான்.

அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது. ஒரு வாரம் மறைத்ததே பெரிய விஷயம்.

"சாவிப்பெட்டி. மாப்பிள்ளை மனு போட்டிருக்கார். ஒரு வாரம் காத்திருக்கணும்னாங்க. இன்னிக்கோட முடியுது."

"எந்த மாப்பிள்ளை?"

"இந்த வீட்டுக்கு எத்தனை மாப்பிள்ளை?"

ஒருவர்தான். அதுவும் சட்டப்படி இப்போது மாப்பிள்ளை இல்லை. மூத்த மகள் பெரியவளும் அவரும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் அவருக்கு இந்த வீட்டில் வேறு பெயர் அமையவில்லை. நாமும் அப்படியே சொல்வோம்.

போன வாரம் அவர் பட்டறைக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போன விஷயம் இதுதான். சாவிப்பெட்டியில், தனக்கு ஏதாவது ஆனால் யார் திறக்கலாம் என்று ஒருவரை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அந்த ஆள் அனுமதி கேட்டதும் பெட்டியின் சொந்தக்காரருக்கு மெயில் போகும். அவர் உயிரோடு இருந்தால், "வேண்டாம்" என்று ஒரு பொத்தானை அழுத்திவிடுவார். ஒரு வாரம் பதிலே வராவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். பெட்டி திறந்துகொள்ளும். அப்பா சொல்லிவைத்திருந்தது மாப்பிள்ளையை.

சின்னவன் டூல் பையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"ஏம்மா, நான் இல்லையா? பெரியவ இல்லையா? நீங்க இல்லையா? வீட்டை விட்டுப் போனவரையா அப்பா போட்டார்?"

"போறதுக்கு முன்னாடி போட்டிருப்பார்டா. மாத்த மறந்திருப்பார்."

"அப்பாவா? மறந்திருப்பாரா?"

அம்மா பதில் சொல்வதற்குள் அவளுடைய போன் அடித்தது. ஒரு கையில் கத்திரியின் கால் இருந்ததால், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"அத்தை, உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க மாப்பிள்ளை."

"முதல்ல உக்காருங்க."

அவர் வேலையே அதுதான். அவசர உதவி எண்ணில் போன் எடுப்பவர். தீ, விபத்து, பிரசவம், எது நடந்தாலும் ஊர்க்காரர்களின் காதில் முதலில் விழுவது அவர் குரல். அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தம் கேட்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அனுமதி மறுக்கப்பட்டதுன்னு இப்ப மெயில் வந்திருக்கு."

"யார் மறுத்தாங்க?"

"பெட்டியோட சொந்தக்காரர்னு போட்டிருக்கு."

கத்திரி சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் வேலை அங்கியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"உயிரோட இருந்தப்ப எங்கிட்ட ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்லாத மனுஷன்," என்றாள் அம்மா.

"பதட்டப்பட ஒண்ணுமில்ல அத்தை. மாமாவோட மெயில் வேற ஏதோ ஒரு கருவியில இன்னும் திறந்தே இருக்கு. அது யார் கையில இருக்கோ அவங்கதான் அழுத்தியிருக்காங்க. பழைய போன், டேப்லட், ஏதாவது?"

அப்பாவின் போனைச் சின்னவன் என்றைக்கோ அணைத்து அலமாரியில் வைத்துவிட்டான். டேப்லட்டை, அப்பா போன மறுநாளே பெரியவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதில் அப்பா எடுத்த வீடியோக்கள் இருந்தன.

அம்மாவும் சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்குது. சாயங்காலம் வரேன்," என்று மறுமுனை வைத்துவிட்டது.

*

பெரியவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். மதிய இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும்.

சின்னவன் இரண்டு படி கீழே உட்கார்ந்தான். சுற்றி வளைக்க அவனுக்கும் வராது.

"அப்பாவோட மெயில்ல ஏதாவது அழுத்தினியா?"

பெரியவள் டப்பாவை மூடினாள்.

"ஆமா. காலையில பார்த்தேன். அழுத்தினேன்."

"யாரோ ஏமாத்தறாங்கன்னு நினைச்சுட்டியா?"

"இல்லடா. நிஜமா உன் அத்தான்தான் கேக்கறார்னு தெரிஞ்சுதான் அழுத்தினேன்."

சின்னவன் எதிர்பார்த்து வந்தது இதையில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்பாள், சரி என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தான்.

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது," என்றாள் பெரியவள். "நாங்க பிரியற சமயத்துல தினம் அப்பாவுக்கு எழுதுவேன். எல்லாம் அவரைப் பத்திதான். வாயில வரக்கூடாததெல்லாம் கையில வந்துச்சு. பாதி நிஜம்கூட இல்ல."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒவ்வொண்ணுக்கும் 'படிச்சேன்மா'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். தேய்ஞ்ச ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப் போடாம டப்பாவுல போட்டு வைக்கிற மனுஷன். இதை மட்டும் விட்டுருப்பாரா? பத்திரமா பூட்டி வெச்சிருப்பார். அதை இப்ப உன் அத்தான் உக்காந்து படிக்கணுமா?"

"சண்டை முடிஞ்சுபோச்சே. படிச்சா என்ன?"

"சண்டை முடிஞ்சதாலதான். எங்களுக்குள்ள இப்ப மரியாதையாவது மிச்சம் இருக்கு. அதையும் கெடுத்துக்கணுமா?"

மேல்மாடி ஜன்னலில் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டினாள்.

சின்னவன் கத்திரியின் காலைப் பற்றிச் சொன்னான். விரிசல், ஸ்டூல், எட்டாத உச்சந்தலை, அம்மா ஒட்டி ஒட்டி அனுப்புவது.

பெரியவளின் முகம் மாறிவிட்டது.

"அம்மா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிடுவேன்னுதான்."

பெரியவள் டப்பாவைப் பைக்குள் போட்டாள்.

"அவங்க சொல்லாமலே நீ வேண்டாம்னு சொல்லிட்டே."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் இனிக்குதா?" என்றான் சின்னவன். "பையன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அப்பாவுக்கு நான் கண்ணுல படலையே. காலையிலேர்ந்து அதையேதான் நினைச்சுட்டிருக்கேன். இன்னிக்கு லிஃப்ட் கேபிளை மாட்டும்போதுகூட."

"அவர்கிட்டயே கேளேன், ஏன்னு."

"செத்தவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"அப்பாகிட்ட இல்லடா. அவர்கிட்ட."

எழுந்து, உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"டேப்லட்டோட சாயங்காலம் வரேன்னு அம்மாகிட்ட சொல்லு. திறக்கறேன்னு சொல்லாதே. வரேன்னு மட்டும் சொல்லு."

*

மாப்பிள்ளை வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் அடையாள அட்டையோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். ஷட்டருக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றப் போனவரை அம்மா தடுத்தாள்.

"வேண்டாம். கீழ பிளாஸ்டர் தூசி. போட்டுக்கிட்டே வாங்க மாப்பிள்ளை."

உள்ளே பெரியவள், டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வார் தைக்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேச்சே இல்லாத இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்பா இறந்த அன்று கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். இந்தப் பக்கம் இவள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"ம்."

இத்தோடு அது முடிந்தது. சின்னவன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டான். போட்ட கையோடு கேட்டும்விட்டான்.

"ஒண்ணு கேக்கணும். அப்பா உங்களை ஏன் போட்டார்?"

"நானும் மாமாகிட்ட இதைத்தான் கேட்டேன்," என்றார் மாப்பிள்ளை. "பையன் இருக்கும்போது நான் எதுக்குன்னு. 'அவன் முதல் போட்டோவைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை மூடிட்டு அழ ஆரம்பிச்சுடுவான். அப்புறம் ஒரு வருஷத்துக்குத் திறக்க மாட்டான். நீ மத்தவங்க அழறதைக் கேட்டுக்கிட்டே வேலை பாக்கறவன். எனக்கு வேண்டியது அதுதான்'னார்."

சின்னவன் வேறு பக்கம் பார்த்தான். அப்பா போனதிலிருந்து தன் போனில் போட்டோக்கள் இருக்கும் பக்கத்துக்கே அவன் போனதில்லை. அது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"தப்பா சொல்லல அத்தான்," என்றான் கடைசியில்.

"பிரிஞ்சதுக்கப்புறம் பேரை மாத்திடுங்கன்னு நானே போன் பண்ணிச் சொன்னேன். சரி, பாக்கறேன்னார். மாத்தலைன்னு அவர் போனப்புறம்தான் தெரியும்."

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். மறுபடி அனுமதி கேட்டார். சில நொடிகளில் பெரியவளின் மடியில் டேப்லட் மெல்ல அதிர்ந்தது. அப்பாவின் பெயருக்கு வந்த மெயில். கீழே இரண்டு பொத்தான்கள்: 'அனுமதி', 'மறுப்பு'.

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அம்மா ஒட்டுப்போட்ட சாக்கெட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் எழுதினது சிலது உள்ள இருக்கும்," என்றாள் பெரியவள், டேப்லட்டைப் பார்த்தபடியே. "உங்களைப் பத்தி. நல்லதா எதுவும் இருக்காது."

"இருக்கும்னு தெரியும்."

"தெரியுமா?"

"நானும் எழுதினேன். மாமாவுக்குத்தான். உன்னைப் பத்தி."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். மவுஸை அவள் கைப்பக்கம் நகர்த்தினார்.

"நீ அனுமதி குடு. திறக்கற வேலை மட்டும்தான் எனக்கு. திறந்ததும் நீயே உக்காந்து பாரு. நான் ஸ்க்ரீன் பக்கம் வர மாட்டேன்."

அவள் 'அனுமதி'யைத் தொட்டாள். மாப்பிள்ளை தன் பாஸ்வேர்டைப் போட்டார். சொன்னபடியே போய், கால்கள் வரிசையாகத் தொங்கும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

சாவிப்பெட்டி திறந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குறிப்பு: 'முதலில் இதைப் படிக்கவும்.' பெரியவள் சத்தமாகப் படித்தாள்.

"கத்திரியின் காலுக்குக் கடைசியாகத் திருத்திய கோப்பைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முந்தையது முழங்கால் ஓரத்தில் உறுத்தும். மற்றவர்களின் அளவுகள் என்னுடைய சொத்து இல்லை. அவரவரைக் கேட்டு அவரவர் கையில் கொடுத்துவிடவும். போட்டோக்கள் எல்லோருக்கும். நண்பர்கள் எனக்கு எழுதியதைப் படிக்காமல் அழிக்கவும். செத்தது நான்தான். அவர்கள் இன்னும் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பிலேயே கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு பெரியவளின் குரல் நின்றுபோனது. கண் மட்டும் அடுத்த வரிகளில் ஓடியது.

'பெரியவள் எழுதியதையும் மாப்பிள்ளை எழுதியதையும் தேட வேண்டாம். வந்த அன்றே அழித்துவிட்டேன். கோபம் தீர்ந்த பிறகு, கோபத்தில் எழுதியது மட்டும் எதற்கு இருக்க வேண்டும்?'

"அப்புறம்?" என்றான் சின்னவன்.

பெரியவள் பயந்து பயந்து காத்த பொருள் இரண்டு வருடமாக இல்லவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றவரைக் கூப்பிட்டாள்.

"நீங்க வந்து படிக்கலாம். இது உங்களுக்கும்தான்."

மாப்பிள்ளை வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். படித்து முடித்தும் அங்கேயே நின்றார். தினமும் எத்தனையோ பேரின் அழுகைக்கு நடுவே முகவரி கேட்டு எழுதுகிறவருக்கு அந்த நேரத்தில் தன் கைக்குட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியவில்லை. சின்னவன்தான் மெஷின் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினான். அதில் எண்ணெய் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

*

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பாஸ்வேர்டு கிடைத்தது. கோப்புகள் கிடைத்தன. கத்திரியின் பெயரில் இருந்தவற்றில் கடைசியாகத் திருத்தியதை அம்மா இரண்டு தடவை சரிபார்த்து மெஷினுக்கு அனுப்பினாள். பெரிய வெள்ளை நுரைக்கட்டியை இறுக்கி மாட்டினாள். சுழலும் முனை இறங்கி, கட்டியைச் சீவ ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கத்திரியின் கால் வடிவம் அதற்குள்ளிருந்து வந்துவிடும். அதன்மேல் புது சாக்கெட்டை வார்த்துவிடலாம்.

அம்மா போனில் கத்திக்கொண்டிருந்தாள். "கிடைச்சுடுச்சுங்க! கிடைச்சுடுச்சு! இல்ல, அவர் இல்ல, கோப்பு! நாளன்னைக்கு வாங்க, போட்டுப் பாக்கலாம்!"

சின்னவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போட்டோக்களை வீட்டிலிருந்த ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொண்டிருந்தான். எதையும் திறந்து பார்க்கவில்லை. இறங்கினால் போதும், பார்ப்பது பிறகு. பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அதில் ஒரே ஒரு ஒலிப்பதிவு.

"அத்தான், இங்க பாருங்க."

பெயரைப் பார்த்து மூன்று பேரும் குனிந்தார்கள்.

'பெரியவளும் மாப்பிள்ளையும். சேர்ந்து கேட்கவும்.'

சின்னவன் பதிவான தேதியைத் தொட்டுக் காட்டினான். அப்பா இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான். இவர்கள் பிரிந்து போய் எவ்வளவோ காலம் ஆன பிறகு.

"மாத்த மறந்திருப்பார்னு அம்மா சொன்னாங்க," என்றான் அவன் மெதுவாக.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். லேப்டாப் பையைத் தேடி எடுத்துத் தோளில் மாட்டினார்.

"லேப்டாப் இங்கயே இருக்கட்டும். வேலை முடிஞ்சதும் அத்தை குடுத்தா போதும். அதை நீயே கேட்டுக்கோ," என்றார் பெரியவளிடம். "மாப்பிள்ளைன்னு போட்டிருக்கார். அது இப்ப நான் இல்ல."

காலிப் பையோடு ஷட்டரை நோக்கி நடந்தார். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தூள் எல்லோர் தலையிலும் படிந்திருந்தது. அம்மா போனை வைத்துவிட்டு, எதையும் கேட்காதவள்போல நுரைக்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் திரையிலிருந்த பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

"இந்த இரைச்சல்ல எதைக் கேக்கறது?" என்றாள், வாசல்வரை கேட்கும்படி. "நாளைக்கு உங்களுக்கு எந்த ஷிஃப்ட்?"